எடுத்து வைத்த ரத்தம்

எனக்கு ஒரு சொட்டு போதும். சித்தூருக்கு வெளியே இருக்கிற ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. சீசனில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் மேலே, நடுவே, அடியிலே என்று கைக்கு வந்த பழங்களை எடுத்து அறுத்துப் பிழிந்து, சாற்றில் ஒரு சொட்டைக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அந்த வண்டியின் இனிப்பு. மேலே நின்றால் வண்டி உள்ளே போகும், கீழே நின்றால் திரும்பிப் போகும். திரும்பிப் போகிறவர்கள் என்னைத் திட்டாமல் போனதில்லை. ஒரு பெரியவர் மட்டும் திட்டவில்லை, கேட்டார்: "ஒரு சொட்ட பாத்துட்டு லோடயே வேணான்றியே, மத்த பழத்துக்குள்ள எல்லாம் நீ பூந்து பாத்தியா?" பூந்து பார்க்கத் தேவையில்லை, அதற்குத்தான் கருவி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கேட்ட கேள்வி என்னைத் தேடிக்கொண்டு திருப்பதிக்கே வரும் என்று அப்போது தெரியாது.

அந்த வருடம் சீசன் முடிகிற நேரத்தில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. தொடையில், முழங்கையில், இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாத இடங்களில் எல்லாம் நீலம் பூத்திருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். ராத்திரி பகலாக நின்ற அலுப்பு என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். என் மனைவி பிடிவாதமாகச் சித்தூரில் ஒரு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லேபுக்காரர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்காமல், இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். தரம் பார்க்கிறவனுக்குத் தெரியும், இரண்டாம் முறை எதற்குப் பார்ப்பார்கள் என்று.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் வைத்தார்கள். ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் வேண்டாத செல்கள் பெருகி நல்ல செல்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது என்றார்கள். மருந்து ஏற்றி, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஒரு வழியாக நோய் அடங்கியிருக்கிறது என்ற செய்தி வந்தபோது மனைவி கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. இது அடங்கியிருக்கிறதே தவிர, போய்விடவில்லை, திரும்பி வருகிற சாதி இது, கூடப் பிறந்தவர்களின் செல்களை வாங்கி உங்கள் உடம்பில் ஊன்றினால்தான் வேர் அறும் என்றார். இளவயது டாக்டர், தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழும் நன்றாக வரும். ஊன்றுகிற காரியத்திலேயே உயிர் போகிற ஆபத்தும் இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், தங்கை. நாயுடுபேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சோதித்துப் பார்த்ததில் அவளுடையது எனக்கு முழுசாகப் பொருந்தியது. சின்ன வயதில் ஒரு கொய்யாப் பழத்தைக்கூடப் பங்கு போடாமல் அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். பொருந்தியது என்று கேட்டதும் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா நாகலாபுரம் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே இருக்கிறாள், நைனா போன பிறகும் நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று. எங்கள் ஊர் அம்மன் கங்கம்மாவைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் கங்கம்மாவைக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. கிணறு வெட்டவும் பூ, பெண் எடுக்கவும் பூ, டிராக்டர் வாங்கவும் பூ. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. தங்கையின் கல்யாணத்துக்குப் பூக் கேட்டபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் விசாரித்தால் போதாதா என்று நான் கேலி செய்தவன். இப்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேலி செய்தேன், டாக்டரம்மா சொன்னது கங்கம்மாவுக்குப் புரியுமா என்று. அம்மாவும் தங்கையும் கோயிலுக்குப் போனார்கள். அன்று மத்தியானம் அம்மா போன் செய்து வெள்ளை வந்துவிட்டது என்றாள். கேலி செய்தவனுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவி பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாற்று சிகிச்சைக்கு முந்தைய வாரம் டாக்டரம்மா ஒரு கேள்வியோடு வந்தார். அவர்கள் ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள், அதற்கு ஒரு டியூப் ரத்தம் கூடுதலாகத் தர முடியுமா என்று. எதற்கு என்றேன். ரத்தக் குழாய்களின் உட்புறம் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அது புண்படும்போது புதுக் குழாய் முளைக்கச் சொல்லியும் பழையதைப் பழுதுபார்க்கச் சொல்லியும் சில பொருள்கள் ரத்தத்தில் இறங்கும், யாருக்கு அந்தப் பொருள்கள் முன்னாலேயே அதிகமாக இருக்கிறதோ அவர்களுக்கு மாற்றுக்குப் பின்னால் தொந்தரவு அதிகமாகிறதா என்று பார்க்கிறோம் என்றார். பலருடைய டியூப்களையும் உறைய வைத்துச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் சோதிப்பார்களாம். டியூபின் மேல் என் பெயர் இருக்காது, ஒரு குறியீடு மட்டும். முடிவை என்னிடம் சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் அதை வைத்துச் சிகிச்சையை மாற்றுகிற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெளிவு இல்லை.

கையை நீட்டினேன். டியூப் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது, நான் தினமும் செய்கிற வேலை இது என்று. ஒரு சொட்டு, ஒரு கோடு, ஒரு லோடு. இந்த முறை லோடு நான். நர்சம்மா டியூபை எடுத்துக்கொண்டு போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி திருச்சானூரில் ஒரு அறை எடுத்து, குக்கரில் வேகவைத்த சோறும் பருப்புமாக ஷேர் ஆட்டோவில் கொண்டுவருவாள். நான் கண்ணாடி அறைக்குள் தனியாகக் கிடந்தேன். என் பழைய மஜ்ஜையை மருந்தால் துடைத்து எடுத்தார்கள். தங்கைக்கு ஊசி போட்டுப் போட்டு உடம்பெல்லாம் குடைச்சல், அதோடு அரை நாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தாள். அவளிடமிருந்து எடுத்ததைப் பையில் கொண்டுவந்து மாட்டினார்கள். தண்ணீர் கலந்த தக்காளிச் சாறு மாதிரி இருந்தது, இதற்கா இவ்வளவு என்று தோன்றியது. தங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். போனில் அவளிடம், இனிமேல் எனக்கு உன் கோபமும் சேர்ந்து வரப்போகிறது, உன் அண்ணி பாவம் என்றேன். வழக்கமாக இதற்குப் பத்து பதில் சொல்கிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி வலி என்று நினைத்தேன்.

அவளுடைய செல்கள் ஊன்றின. எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது என்று டாக்டரம்மா சிரித்த முகமாகச் சொன்னார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. அடுத்து உள்ளங்கால். தோல் வெந்த மாதிரி சிவந்தது. பிறகு வயிறு. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை, தண்ணீர் தண்ணீராகப் போய் எழுந்து உட்கார முடியாமல் போனது என்று மட்டும் சொல்கிறேன். வந்து சேர்ந்த செல்கள் என் உடம்பை வேற்றாளின் உடம்பு என்று நினைத்துத் தாக்குகின்றன, அடக்குவதற்கு ஸ்டீராய்டு தருகிறோம் என்றார் டாக்டரம்மா. என் மனைவி அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்படியே தங்கையிடம் சொல்லியிருக்கிறாள், உன் ரத்தம் உன் அண்ணனைக் கடிக்கிறதாம் என்று. அம்மாவுக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

அந்த நாட்களில்தான் நான் எடுத்து வைத்த ரத்தத்தைப் பற்றி நினைக்க ஆரம்பித்தேன். ரவுண்ட்ஸ் வந்தபோது டாக்டரம்மா கூட இருந்தவர்களிடம் இங்கிலீஷில், மாற்றுக்கு முன்னால் எடுத்த சாம்பிள்கள் பத்திரமாக இருக்கின்றன என்று ஏதோ சொன்னார். எனக்கு அது மட்டும் காதில் தெளிவாக விழுந்தது. இதே கட்டிடத்தில், ஏதோ ஒரு மாடியில், ஒரு ஐஸ் பெட்டிக்குள் என் ரத்தம் உறைந்து கிடக்கிறது. நான் பிழைப்பேனா மாட்டேனா என்பதற்கு அதில் ஒரு ஜாடை இருக்கிறது. எனக்குத் தெரியாததை அது தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது ஒவ்வொரு மூடிய கதவையும் பார்த்து, இதற்குள்ளா, இதற்குள்ளா என்று யோசிப்பேன். கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவும் பயம், தெரியாமல் இருக்கவும் பயம், இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா வந்தால் பர்வாலேது, பரவாயில்லை என்று சிரித்துவைப்பேன்.

ஸ்டீராய்டு வேலை செய்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, நடக்கத் தடுமாறிக்கொண்டு, சித்தூருக்கு வீடு திரும்பினேன். தங்கை வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை, போனும் இல்லை. புகுந்த வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார்கள், பெண் பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கோபமாக இருக்கும் என்று நாங்களே ஒரு காரணம் கட்டிக்கொண்டோம். எனக்கு அவள் மேல் வருத்தம் இருந்தது. கொடுத்ததோடு முடிந்தது என்று கை கழுவிவிட்டாள் என்றுகூட மனைவியிடம் சொன்னேன்.

சீசன் திரும்பி வந்தபோது நான் வேலைக்குப் போகிற நிலையில் இல்லை. ரத்த எண்ணிக்கை மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தது. வாரம் தவறாமல் திருப்பதிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தேன். நோய் திரும்பி வரவில்லை, ஊன்றிய செல்கள் சோர்ந்துபோய்விட்டன, உங்கள் தங்கையிடமிருந்து இன்னொரு முறை கொஞ்சம் வாங்கி, சண்டை போடுகிற செல்களை வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றினால் தேறிவிடலாம், இதை ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். மனைவி உடனே நாயுடுபேட்டைக்குப் போன் செய்தாள். தங்கை வீட்டில் இல்லை என்றார் மச்சான். மறுநாள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்கு மறுநாள் போனை எடுக்கவில்லை.

நானே போனேன். மனைவி வேண்டாம் என்று கத்தினாள், மாஸ்க்கை இரண்டாகப் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் போனேன். மத்தியான நேரம், மச்சான் ஃபேக்டரிக்குப் போயிருந்தார். தங்கை கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். நான் இளைத்திருந்ததைவிட அவள் அதிகம் இளைத்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். என் கையில் தராமல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

வருகிற வழியெல்லாம் என்ன திட்டலாம் என்று தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிடு பாப்பா, ஒளியாத என்றேன்.

"இஷ்டமில்லாம இல்லண்ணா. என் ரத்தம் உனக்கு ஆவாது. அன்னிக்கு வெள்ளப் பூ வர்ல. செகப்புதான் வந்துச்சு."

எனக்கு முதலில் அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்றே புரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அன்று கோயிலில் அம்மா மடிப்புகளைக் குலுக்கிப் போட்டுவிட்டு, நீயே எடு, உன் உடம்பிலிருந்துதானே கொடுக்கப் போகிறாய் என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டிருக்கிறாள். அம்மா எழுந்திருப்பதற்குள் இவள் ஒன்றை எடுத்துப் பிரித்துவிட்டாள். செவ்வரளி. அம்மா இன்னும் தரையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொன்றைப் பிரித்து, அதிலிருந்த நந்தியாவட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா எழுந்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாளாம்.

"நீ செத்துப் போறதுக்கு கங்கம்மா சரின்னா, நானும் சரின்னு சொல்லணுமான்னு அப்ப கோவம் வந்துச்சு. மாத்திட்டேன். இப்ப அவ என் ரத்தத்துக்குள்ளயே பூந்துகினு உன்ன துன்றாண்ணா. இன்னொரு தபா குடுத்தா நீ மிஞ்ச மாட்ட."

பூவை நம்பாதவன் நான். ஆனாலும் அவள் சொல்லி முடித்தபோது, சிவப்பு வந்திருந்தும் நான் அந்தக் கண்ணாடி அறைக்குள் போயிருக்கிறேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. ஒரு நிமிடம் போன பிறகுதான் அவளைப் பார்த்தேன். இந்தப் பெண் இத்தனை மாதமாக என்னைத் தின்னுகிறவளாகத் தன்னை நினைத்துக்கொண்டு, இந்த வீட்டில் சோறு வடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். செல் என்றால் என்ன, அது ஏன் தாக்குகிறது, அதில் சாமிக்கு வேலையில்லை என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

காரில் திரும்பி வரும்போது காளஹஸ்தி தாண்டிய இடத்தில்தான் அந்த டியூப் நினைவுக்கு வந்தது. அது அவளுடைய ஒரு செல்கூட என் உடம்புக்குள் வருவதற்கு முன்னால் எடுத்த ரத்தம். அதில் இருப்பது என்னுடையது மட்டும். அதில் கோடு உயரத்தில் நின்றிருந்தால், என் ரத்தக் குழாய்கள் முன்னாலேயே புண்பட்டிருந்தன, தொந்தரவு என் உடம்பிலேயே காத்துக்கொண்டிருந்தது, இவள் கொண்டுவந்தது இல்லை என்று அவளுக்குச் சொல்ல முடியும். ஆனால் உயரத்தில் நின்றிருந்தால் எனக்கு அது கெட்ட சேதி. தாழ்ந்து நின்றிருந்தால் எனக்கு நல்லது, அவள் தன்னைப் பற்றி நினைப்பது இன்னும் உறுதியாகிவிடும். எப்படி நின்றாலும் எங்கள் இருவரில் ஒருவருக்குப் பயம் மிச்சம். வீடு வந்து சேருகிற வரைக்கும் டிரைவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

டாக்டரம்மா முதலில் முடியாது என்றார். அது தனி ஒருவருக்குச் சொல்கிற முடிவு இல்லை, தெரிந்து உங்களுக்கு ஒரு லாபமும் கிடையாது, மனசுதான் உடையும் என்றார். தங்கையின் கதையைச் சொன்னேன், பூ உட்பட. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தன் பாட்டியும் இப்படித்தான் பூக் கேட்பாள் என்று தெலுங்கில் சொன்னார். சாம்பிள்களை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது, உங்கள் குறியீட்டைப் பிரித்துச் சொல்ல ஆராய்ச்சிக் கமிட்டியில் அனுமதி கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அனுமதி வருகிற வரைக்கும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பெயருக்குத்தான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பலமுறை போனை எடுத்தேன். எடுத்த போனில் தங்கையின் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

அந்த நாள் மனைவியைக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டாக்டரம்மா கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு மூச்சு விட்டுக்கொண்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நானும் லாரிக்காரர்களிடம் சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் மூச்சை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொள்வேன். உங்களுடையது அதிகமாக இருந்தவர்களின் பக்கத்தில்தான் இருக்கிறது என்றார். அப்படி இருந்தவர்களுக்குத் தொந்தரவும் ஆபத்தும் கூடுதலாக இருந்தது, இப்போதும் நாங்கள் உங்களைக் கவனமாகத்தான் பார்க்கிறோம் என்றார். பிறகு அவசரமாக, இது கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, கூட்டத்துக்குள் இருக்கிற ஒரு ஆளைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது, அந்தப் பக்கத்தில் இருந்தும் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். எனக்கு அந்தப் பெரியவரின் குரல் கேட்டது. மத்த பழத்துக்குள்ள எல்லாம் நீ பூந்து பாத்தியா?

இது என் தங்கையின் செல்கள் வருவதற்கு முந்தியது தானே என்று கேட்டேன். ஆமாம், ஒரு செல்கூட அப்போது உள்ளே வரவில்லை, புண் உங்களுடையதுதான் என்றார். தேங்க்ஸ் சொல்லிவிட்டு எழுந்தேன். மாடிப்படியில் இறங்கினேன். தங்கையை நினைத்தால் பெரிய பாரம் இறங்கியது. என்னை நினைத்தால் உடம்பு வியர்த்துக் கொட்டியது. இத்தனை காலம் எந்தக் கதவுக்குள் இருக்கிறது என்று தேடினேனோ அது இப்போது என்னோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே நாயுடுபேட்டை பஸ் ஏறினேன். தங்கை அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். டியூப் எப்போது எடுத்தது, அதில் என்ன பார்த்தார்கள், என்ன வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் குழாய் முன்னாலேயே கெட்டுக் கிடந்தது, உன் ரத்தம் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அவள் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்ப கங்கம்மா சொன்னது நெசந்தானாண்ணா? பூவும் வேணான்னுச்சு. உன் ரத்தமும் வேணான்னுச்சு."

பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்தும் இது எனக்குத் தோன்றவேயில்லை. கூட்டம் வேறு, ஆள் வேறு என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"ரெண்டும் வேணான்னுதான் சொல்லிச்சு பாப்பா. நீ ஒருத்திதான் வேணும்ன. அதனாலதான் உன் எதிர்ல உக்காந்துகினு கீறேன்."

அவள் அழுதாள். கல்யாணமாகிப் போகும்போதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. பிறகு அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டூலில் வைக்கவில்லை, என் கையில் கொடுத்தாள்.

இரண்டாம் முறை கொடுப்பதற்கு அவள் திருப்பதிக்கு வந்தாள். டாக்டரம்மா தயங்கித் தயங்கி, இந்த முறையும் ஒரு டியூப் கூடுதலாகத் தருவீர்களா என்று என்னைக் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கையை நீட்டினேன். பயம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு எண்ணிக்கை வருகிற வரைக்கும் வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கிற கோலத்தைப் பார்த்தால் கேட்டில் நின்று திட்டின வண்டிக்காரர்கள் எல்லாம் மனசு ஆறிப் போவார்கள்.

அம்மாவுக்கு இன்று வரை எதுவும் தெரியாது. இரண்டாம் முறை கொடுப்பதற்கு முதல் நாள், மடியில் வெற்றிலையும் நூலும் இரண்டு பூவுமாக ஊரிலிருந்து கிளம்பித் திருச்சானூர் அறைக்கே வந்துவிட்டாள். போன தடவை கங்கம்மா வெள்ளை கொடுத்தாளே, அவளைக் கேட்காமல் எப்படி, வா, ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் மடியிலிருந்து இரண்டு பூவையும் எடுத்து, வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்தே தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த தபா கேக்க வாணாம்மா. கேட்டா சொல்லிடுவா."